ஈ.கோலை என்றால் எந்த ஈ.கோலை?

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஈ.கோலை வளர்ந்துள்ளது’ என்று வருகிறது. குடிநீர்ப் பரிசோதனை முடிவில் ‘ஈ.கோலை உள்ளது, குடிக்கத் தகுதியற்றது’ என்று வருகிறது. வெளிநாட்டுச் செய்தி ஒன்றில், பர்கர் சாப்பிட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கும் ஈ.கோலைதான் காரணம் என்கிறார்கள். இதையெல்லாம் படிக்கிற நம் பெருங்குடலிலும் ஈ.கோலை கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தருவதில்லை. பெயர் ஒன்று, நடத்தை பல. எதற்குப் பயப்படுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது?

நுண்ணோக்கியில் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1885ல் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் இந்த பாக்டீரியாவைக் கண்டு விவரித்தபோது பார்த்ததும் சின்னஞ்சிறு குச்சிகளைத்தான். இன்றைக்குப் பார்த்தாலும் நல்லதும் கெட்டதும் அதே குச்சிதான். பிற்பாடு ஆய்வாளர்கள் பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளை வைத்து எண் கொடுத்துப் பிரித்தார்கள். ஓ157:எச்7 என்று செய்திகளில் வருவது அப்படிப்பட்ட எண். ‘ஓ’ வெளியுறையின் சர்க்கரைச் சங்கிலியைக் குறிக்கும். ‘எச்’ நீந்த உதவும் கசையிழையைக் குறிக்கும். அடையாளம் காண இது உதவியது. ஆனால் ஏன் கொல்கிறது என்பதை அந்த எண் சொல்லவில்லை. அதைச் சொன்னது, மரபணுக்களை ஒன்றுக்கு ஒன்று வைத்து ஒப்பிட்ட வேலை.

முதலில் படிக்கப்பட்ட ஈ.கோலை ஒரு சாது. 1922ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், டிப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த கே-12 என்ற வகை அது. பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்ந்து, மூலக்கூறு உயிரியலின் செல்லப்பிள்ளையாகிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பிளாட்னரின் குழு 1997ல் அதன் டி.என்.ஏ. முழுவதையும் வெளியிட்டது: 46 லட்சத்து 39 ஆயிரம் எழுத்துகள், புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 4,300.

அடுத்து அதே குழு ஒரு கொலைகாரனை எடுத்துக்கொண்டது. 1982ல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாக வயிற்றுப்போக்கு கண்டது. அப்போது மிச்சிகன் மாட்டிறைச்சிக் கொத்துக்கறியிலிருந்து எடுத்துப் பாதுகாத்த ஓ157:எச்7 வகை அது. 2001 ஜனவரியில் ஒப்பீடு வெளிவந்தது. ஒரே இனம் என்பதால் சில பத்து மரபணுக்கள் மாறியிருக்கலாம் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். கே-12ல் இல்லாத 1,387 மரபணுக்கள் ஓ157ல் இருந்தன. கே-12ல் மட்டும் இருந்தவை 528. சுமார் 41 லட்சம் எழுத்துகள் இரண்டுக்கும் பொதுவான முதுகெலும்பாக இருக்க, அதன் நடுவே நூற்றுக்கணக்கான இடங்களில் இதற்கொன்றும் அதற்கொன்றுமாகத் துண்டுகள் செருகப்பட்டிருந்தன.

2002ல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: சிறுநீரகத் தொற்று கண்ட ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்த சி.எஃப்.டி.073. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை 39.2 சதவீதம் மட்டுமே. பாதிகூட இல்லை. 2009ல் இருபது வகைகளை ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், எல்லாவற்றிலும் உள்ளவை சுமார் 2,000 மரபணுக்கள்தான் என்றும், இருபதையும் சேர்த்தால் வெவ்வேறு மரபணுக்கள் கிட்டத்தட்ட 18,000 என்றும் கண்டார்கள். மனிதரிடம் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. இருபது ஈ.கோலைகளைக் கூட்டிச் சேர்த்தால் அந்த எண்ணிக்கைக்கு அருகில் வந்துவிடுகிறது. ஓர் இனத்திடம் உள்ள மரபணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்த மொத்தக் கணக்கை ‘பான்-ஜீனோம்’ என்கிறார்கள். எந்த ஒரு ஈ.கோலையும் அதில் ஒரு பகுதியைத்தான், சுமார் நாலாயிரத்து எழுநூறு மரபணுக்களைத்தான், தன்னிடம் வைத்திருக்கிறது.

எப்படி ஒப்பிடுகிறார்கள்? உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த விதத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஒரே நூலின் பிரதிகள் பல ஊர்களிலிருந்து வருகின்றன. எல்லாப் பிரதியிலும் உள்ள செய்யுள் எது, சிலவற்றில் மட்டும் உள்ளது எது, ஓர் எழுத்து மாறியிருப்பது எங்கே, ஏடு முறிந்து விட்டுப்போனது எங்கே, நடை மாறி ஒலிப்பதால் இடைச்செருகல் என்று சந்தேகப்பட வேண்டியது எது என்று வரிக்கு வரி பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.யிலும் தேடுவது இதே ஐந்தைத்தான்.

வேலை நடப்பது இப்படி. பாக்டீரியாவை வளர்த்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக்கி, கருவியில் படிக்கிறார்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் லட்சக்கணக்கான சிறு துண்டுகள் வருகின்றன. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்துவதைப் பார்த்துக் கணினி அவற்றைக் கோக்கிறது. பிறகு மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். பாக்டீரியாவில் இது ஓரளவு சுலபம். ‘ஏடிஜி’ போன்ற தொடக்கக் குறி இருக்கும். மும்மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டு போனால், சராசரியாக ஆயிரம் எழுத்து தாண்டி, நிறுத்தக் குறி ஒன்று வரும். நம் மரபணுக்களைப் போல நடுநடுவே வெட்டி எறிய வேண்டிய பகுதிகள் அநேகமாக இருக்காது.

அடுத்தது பொருத்திப் பார்ப்பது. ஒரு வகையின் மரபணு ஒவ்வொன்றுக்கும், மற்ற வகையில் மிக நெருக்கமாக ஒத்துப்போவது எது என்று பார்க்கிறார்கள். இதற்குப் பயன்படும் மென்பொருள்களில் 1990ல் வந்த ‘பிளாஸ்ட்’ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கவனம் வேண்டும். மரபணுக்கள் சில நேரம் ஒரே உயிருக்குள்ளேயே தம்மைப் படியெடுத்துக்கொள்ளும்; அப்படி வந்த இரண்டு பிரதிகள் நாளடைவில் வெவ்வேறு வேலைக்குப் போய்விடலாம். இரு உயிர்களிலும் ஒரே மூதாதையிடமிருந்து நேராக இறங்கிவந்த மரபணு எது, வெறுமனே ஜாடை ஒத்தது எது என்று பிரித்தாக வேண்டும். அதற்கு இருபக்கச் சோதனை வைக்கிறார்கள்: இதற்கு மிக நெருக்கம் அது என்றால், அங்கிருந்து திரும்பித் தேடும்போதும் அதற்கு மிக நெருக்கம் இதுவாகவே இருக்க வேண்டும். அக்கம்பக்கமும் உதவும். இரண்டு வகையிலும் ஒரே மரபணுக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் ஜோடி சரி என்று நம்பலாம்.

எத்தனை சதவீதம் ஒத்தால் ‘அதே மரபணு’ என்று சொல்வது? இது ஆய்வாளர் வைக்கும் கோடு. 95 சதவீதம் என்று கோடு போட்டால் பொது மரபணுக்களின் எண்ணிக்கை குறையும். 70 என்று போட்டால் கூடும். எத்தனை வகைகளைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே ‘ஈ.கோலையின் பொது மரபணுக்கள் இத்தனை’ என்று எங்காவது படித்தால், கோடு எங்கே போட்டார்கள் என்று சேர்த்துக் கேட்பது நல்லது. இன்னொரு தொல்லை, ‘இந்த மரபணு இதில் இல்லை’ என்ற அறிவிப்பு. உண்மையிலேயே இல்லையா, அல்லது துண்டுகளைக் கோக்கும்போது அந்த இடத்தில் இடைவெளி விழுந்ததா? இரண்டு வகைகளில் மரபணுக்களைக் குறித்துக் கொடுத்தவை வெவ்வேறு மென்பொருள்கள் என்றால், ஒன்று மரபணுவாக எண்ணியதை மற்றது விட்டிருக்கும். பாக்டீரியாவில் இல்லாத வித்தியாசம் பட்டியலில் முளைத்துவிடும். கவனமான குழுக்கள் அதனால்தான் எல்லா வகைகளையும் முதலிலிருந்து ஒரே மென்பொருளால் மறுபடி குறித்துக்கொண்டு ஒப்பீட்டைத் தொடங்குகின்றன.

இனி இடைச்செருகலுக்கு வருவோம். நோயின் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஈ.கோலையின் டி.என்.ஏ.யில் ஜி, சி என்ற இரண்டு எழுத்துகளின் பங்கு சுமார் 51 சதவீதம். ஆனால் ஓ157ல் குடற்சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கருவிகளைத் தயாரிக்கிற சுமார் நாற்பது மரபணுக்கள் கூட்டமாக உள்ள ஒரு பகுதியில் அது ஏறத்தாழ 40 சதவீதம்தான். நடை மாறுகிறது, எழுதிய கை வேறு. இப்படி மொத்தமாக வெளியிலிருந்து வந்து குடியேறிய, நோய்க்குக் காரணமான பகுதிகளை ‘நோய்த் தீவுகள்’ என்கிறார்கள்.

பாக்டீரியாக்கள் மரபணுவைப் பெற்றோரிடமிருந்து மட்டும் வாங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும், ஏன், வேறு இனத்திடமிருந்தும் வாங்கும். பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ. ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான பேஜ்களும் மரபணுக்களைச் சுமந்து வரும். சில பேஜ்கள் உடனே கொல்லாமல் பாக்டீரியாவின் டி.என்.ஏ.க்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளும். 1996ல் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளி மதிய உணவு வழியாக ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தாக்கிய ஓ157ல் அப்படி ஒளிந்திருந்த பேஜ்கள், அவற்றின் மிச்சசொச்சங்கள் உட்பட, 18.

ஓ157ஐக் கொலைகாரன் ஆக்குவது ஷிகா நச்சு. அது சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும். அந்த நச்சின் மரபணு இருப்பது பாக்டீரியாவின் சொந்தச் சொத்தில் அல்ல, ஒளிந்திருக்கும் பேஜில். மருத்துவருக்கு இது நேரடியாக முக்கியம். பாக்டீரியாவின் டி.என்.ஏ.க்குச் சேதம் வந்தால் பேஜ் விழித்துக்கொள்ளும்; பெருகும்; கூடவே நச்சும் பெருகும்; செல் வெடித்து எல்லாம் வெளியே வரும். சில ஆன்டிபயாடிக்குகள் செய்வது துல்லியமாக இந்தச் சேதத்தைத்தான். ரத்தமாகப் போகிறது என்றதும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது இந்த வகைத் தொற்றில் ஏன் ஆபத்தாக முடியலாம் என்பதற்கு இதுவே விளக்கம்.

பட்டியலை ஒப்பிடும் வேலை எவ்வளவு அவசரமாகத் தேவைப்படலாம் என்பதை 2011ல் ஜெர்மனி கண்டது. மே மாதம் தொடங்கி 3,816 பேர் நோயுற்றார்கள். 845 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 54 பேர் இறந்தார்கள். வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும் சிக்கல், இங்கே பெரியவர்களை, அதிலும் பெண்களை, அதிகம் தாக்கியது. முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. அந்நாட்டு விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் விசாரணை போய் நின்றது வெந்தய முளையில்: எகிப்திலிருந்து வந்த விதை, ஜெர்மானியப் பண்ணை ஒன்றில் முளைகட்டப்பட்டது.

கிருமியின் எண் ஓ104:எச்4. அரிதான எண். ஹாம்பர்க் மருத்துவமனை அனுப்பிய மாதிரியைச் சீனாவின் பி.ஜி.ஐ. நிறுவனம் மூன்றே நாளில் படித்து, ஜூன் தொடக்கத்தில் எழுத்துகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பல நாட்டு ஆய்வாளர்கள், யாரும் கேட்காமலே, துண்டுகளை ஒரே நாளில் கோத்து ஒப்பிடத் தொடங்கினார்கள். முதுகெலும்பு ஓ157ஓடு பொருந்தவில்லை. பொருந்தியது 55989 என்ற வகையோடு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் நீடித்த வயிற்றுப்போக்கு கண்ட ஒருவரிடமிருந்து எடுத்தது அது. மேலே சொன்ன இருபது வகைகளில் அதுவும் ஒன்றாக இருந்ததால்தான் ஒப்பிடத் தயாராகக் கையில் இருந்தது. அந்த வகை குடற்சுவரில் செங்கல் அடுக்கிய மாதிரி கூட்டமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஷிகா நச்சு அதனிடம் கிடையாது. ஜெர்மனிக் கிருமியில் அந்த முதுகெலும்பில் ஷிகா நச்சு சுமக்கும் பேஜ் ஒன்று வந்து செருகியிருந்தது. கூடவே பல ஆன்டிபயாடிக்குகளை முறியடிக்கும் பிளாஸ்மிட் வேறு. ஓ157ன் ஒட்டும் தீவு இதில் இல்லவே இல்லை. அதுவரை, ஷிகா நச்சோடு அந்தத் தீவும் இருந்தால்தான் பெரிய ஆபத்து என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அது போயிற்று.

வந்து சேர்ந்தவற்றையே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். தொலைந்தவையும் நோய் தரும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

1897ல் ஜப்பானில் கியோஷி ஷிகா சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஷிகெல்லா என்று தனிப் பேரினமாகவே அதற்குப் பெயர் வைத்து, நான்கு இனங்களாகப் பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். மரபணுக்களை ஒப்பிட்டபோது தெரிந்தது, ஷிகெல்லாவும் ஈ.கோலைதான் என்பது. அதுவும் ஒரே கிளையாகப் பிரிந்து போகவில்லை, ஈ.கோலையின் வெவ்வேறு கிளைகள் தனித்தனியே பலமுறை ஷிகெல்லாவாக மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும், குடல் செல்களுக்குள் நுழைய உதவும் பெரிய பிளாஸ்மிட் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மரபணுக்கள் தொலைந்திருக்கின்றன. நீந்தும் திறன் போய்விட்டது. லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் மரபணுவும் போய்விட்டது. ஈ.கோலைகளில் பரவலாக உள்ள மரபணு அது; தனித்தனியாக உருவான ஷிகெல்லாக்களில் மட்டும் திரும்பத் திரும்ப ஏன் தொலைய வேண்டும்? 1998ல் ஆய்வாளர்கள் அந்த மரபணுவை ஷிகெல்லாவுக்குள் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். அது தயாரித்த கடாவரின் என்ற பொருள் ஷிகெல்லாவின் குடல் நச்சின் வேலையைக் கெடுத்தது. புதிய தொழிலுக்கு இடைஞ்சலான பழைய மரபணு என்பதால்தான் அது கழற்றிவிடப்பட்டது.

டைஃபாய்டு கிருமியிலும் இதைப் பார்க்கலாம். 2001 அக்டோபரில், வியட்நாம் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த சால்மொனெல்லா டைஃபியின் மரபணுத்தொகுதி வெளியானது. அதில் 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் செத்துக் கிடந்தன: எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் நடுவில் நிறுத்தக் குறி விழுந்தோ எழுத்து நழுவியோ படிக்க முடியாமல் ஆகிவிட்டன. பல விலங்குகளில் வாழும் அதன் உறவுக்கார சால்மொனெல்லாவில் இப்படிச் செத்தவை மிகக் குறைவு. டைஃபி மனிதரை மட்டுமே தொற்றும். ஒரே வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட உயிருக்கு ஊர் ஊராய்ச் சுற்றும் கருவிகள் வேண்டியிருக்கவில்லை.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1992 இறுதியில், அப்போதைய மெட்ராஸில், காலரா போலவே வயிற்றுப்போக்கு பரவியது. காலரா கிருமி என்றால் ஓ1 எதிர்ப்புச் சீரத்தோடு திரள வேண்டும், இது திரளவில்லை. ஓ1 அல்லாத காலரா கிருமிகள் பெரிய கொள்ளைநோயை உண்டாக்காது என்பது அன்றைய பாடம். சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவிவிட்டது. காலராவுக்குப் பழக்கப்பட்ட ஊர்களில்கூடப் பெரியவர்கள் விழுந்தார்கள்; ஓ1க்கு எதிராக அவர்கள் உடல் சேர்த்துவைத்திருந்த பாதுகாப்பு இதனிடம் செல்லவில்லை. புதிய கிருமிக்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டதில் அது முற்றிலும் புதிய ஆள் இல்லை என்று தெரிந்தது. முதுகெலும்பு, அப்போது பரவிக்கொண்டிருந்த ஓ1 எல் டோர் வகையினுடையதே. வெளியுறையின் சர்க்கரைச் சங்கிலியைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டம் மட்டும் மொத்தமாகக் கழன்று, அந்த இடத்தில் வேறு கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. காலரா நச்சு அப்படியே இருந்தது. அந்த நச்சின் மரபணுவும் ஒரு பேஜின் சரக்குதான் என்பதை 1996ல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் காட்டினார்கள். பின்னால் வந்த வாய்வழிக் காலரா தடுப்பு மருந்துகள் சிலவற்றில் ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்தார்கள்.

சில நேரம் பட்டியல்கள் அச்சு அசலாக ஒத்துவிடும்; அப்போது எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா வெடித்தபோது, அது எங்கிருந்து வந்தது என்பது அரசியல் கேள்வியும் ஆயிற்று. ஹெய்ட்டிக் கிருமியும் நேபாளக் கிருமிகள் சிலவும் முழு மரபணுத்தொகுதியில் ஒன்றிரண்டு எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டன. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமைச் சுட்டிய கள விசாரணையோடு இது சேர்ந்துகொண்டது. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு, மரபணுப் பட்டியலைப் பார்த்தே நல்லவன் கெட்டவன் என்று முத்திரை குத்திவிடலாம் என்று தோன்றும். முடியாது. மரபணு இருப்பது ஒன்று, அது வேலை செய்வது ஒன்று, வேலை செய்யும் இடம் நமக்கு ஆகாததாக இருப்பது இன்னொன்று. ஓ157 மாடுகளின் குடலில் சௌக்கியமாக வாழ்கிறது. மாடுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் ஷிகா நச்சு பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அவற்றின் குடல் ரத்தக்குழாய்களில் இல்லை.

இதைவிடக் குழப்பமான ஆள் நிஸ்லே 1917. முதல் உலகப் போரின்போது ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மானிய மருத்துவர், கூட இருந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதும் தனக்கு வராமல் தப்பிய ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து இந்த ஈ.கோலையை எடுத்தார். இன்றுவரை ஜெர்மனியில் இது குடலுக்கு நன்மை செய்யும் மருந்தாக விற்கப்படுகிறது. மரபணுக்களை ஒப்பிட்டால், இதற்கு மிக நெருங்கிய சொந்தம் சிறுநீரக நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்த அந்த சி.எஃப்.டி.073. நோய்த் தீவுகளாகக் கருதப்படும் பகுதிகள் பல இரண்டிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கோலிபாக்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அது மனித செல்களின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துவது. பெருங்குடல் புற்றுநோய்கள் சிலவற்றில் அதன் தடயம் இருப்பதாக 2020ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தத் தீவை முடக்கிவிட்டு நன்மையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று அதற்கு முன்பே, 2012ல், ஒரு குழு முயன்று பார்த்தது. குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மாற்றியமைத்த நிஸ்லேயைக் கொடுத்தார்கள். டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும் குணம் போயிற்று. அழற்சியைத் தணிக்கும் குணமும் கூடவே போய்விட்டது.